ஊர்ப் பொது நிலம் மனைப்பிரிவுக்குப் போகிறதா? தடுக்க என்ன செய்ய வேண்டும்

மந்தைவெளியையோ களத்தையோ ஒரு ஊராட்சி வெளிப்படையாக ‘விற்கிறோம்’ என்று தீர்மானம் போடுவது அபூர்வம். வேறு பெயரில்தான் போகும். மனைப்பிரிவுக்குப் பாதை விட ‘ஆட்சேபணை இல்லை’ என்பார்கள். புரொமோட்டர் ஒதுக்குப்புறத்தில் தரும் நிலத்துக்கு ஈடாகச் சாலையோர நிலத்தைக் கொடுத்து, ‘பரிவர்த்தனை’ என்பார்கள். இல்லையென்றால் வகைப்பாடு மாற்றம் கேட்டுக் கோப்பு நகரும். ஆகவே ‘விற்பனை’ என்ற சொல்லைத் தேடாதீர்கள், புல எண்ணை (சர்வே எண்) தேடுங்கள்.

முதல் வேலை அ-பதிவேடு, அதாவது ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகப் பட்டியலிடும் வருவாய்த் துறைப் பதிவேடு. தமிழக அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் இலவசமாகவே பார்க்கலாம். நிலம் புறம்போக்கா, என்ன வகை, எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும்; 0.81.0 என்றால் ஏறக்குறைய 2 ஏக்கர். அதோடு புல வரைபடத்தையும் எடுத்து, பக்கத்து உட்பிரிவுகள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். புதிதாக ஓர் உட்பிரிவு முளைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

இணையத்தில் பட்டா நிலம் என்று காட்டினாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். யூடிஆர் எனப்படும் நில உடைமை மேம்பாட்டுப் பணியில் பழைய நிலப் பதிவேடுகளைத் திருத்தி எழுதியபோது தவறாகத் தனியார் பெயரில் ஏறிய பொது நிலங்கள் உண்டு. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் சான்றிட்ட நகலை ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் கேட்டு வாங்குங்கள். பழைய பதிவேட்டில் ‘மேய்க்கால்’, ‘களம்’, ‘வண்டிப்பாதை’ என்று இருந்தால், எந்த உத்தரவின்படி மாறியது என்பதைச் சொல்ல வேண்டியது வருவாய்த் துறைதான்.

அடுத்தது தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சிக்கு ஒன்றும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனியே போடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ‘பொது நிலத்தை ஏன் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால், விளக்கம் தருவது தகவல் அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன புல எண் தொடர்பாக இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நிறைவேறிய தீர்மானங்களின் நகல், உறுப்பினர் கையெழுத்துப் பக்கம், புரொமோட்டர் கொடுத்த விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை. பதிலுக்குக் கெடு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.

பதில் வரும்வரை சும்மா இருந்தால் பத்திரம் பதிவாகிவிடும். மனு போட்ட அன்றே சார்பதிவாளருக்கும் ஆட்சேபணைக் கடிதம் கொடுங்கள். தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு, அரசுக்கோ உள்ளாட்சிக்கோ உரிய நிலத்தை உரிய அனுமதியின்றி மாற்றும் ஆவணத்தைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்கிறது. புல எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் எழுதி, அ-பதிவேட்டு நகலை இணையுங்கள். உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். குறைவெண் வரம்பு, அதாவது வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, மக்கள்தொகையைப் பொறுத்தது. ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது. ‘பொது நிலத்தைப் பாதுகாக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘புல எண் ___, பரப்பு ___, அ-பதிவேட்டில் களம் எனப் பதிவான நிலத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, பரிவர்த்தனை செய்யவோ, மனைப்பிரிவுக்குப் பாதையாகத் தரவோ இச்சபை சம்மதிக்கவில்லை.’ கையெழுத்துகளுக்கு மேலே வெற்றிடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள். பிறகு எழுதிச் சேர்ப்பது அந்த இடத்தில்தான். கிளம்புமுன் பக்கத்தை செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு அதை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள்.

நகர்ப்புறங்களில் சிக்கல் வேறு மாதிரி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்திரம் பதிவாகும், பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். ஆண்டுகள் கழித்து வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டிப் பூங்கா இடத்தை விற்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏவிடம் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) வாங்கி, தானப் பத்திர எண்ணைக் கண்டுபிடித்து, பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். வில்லங்கம் போடும்போது தாய்ப் புல எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும். புதிய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டால் பழைய பத்திரம் கண்ணில் படாது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது.

எதுவும் நகராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கிராமப் பொது நிலங்களை மீட்டு ஊருக்கே ஒப்படைக்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2011 ஜனவரி 28 ஜக்பால் சிங் தீர்ப்பு கைகொடுக்கும். ஆனால் கையில் தீர்மான நகல் இல்லாமல் நீதிமன்றம் போனால், பெரும்பாலும் ‘மனுவைப் பரிசீலிக்கவும்’ என்ற உத்தரவோடு திரும்ப நேரும். அதிகாரி பரிசீலித்து நிராகரித்துவிடுவார். தீர்மான எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு அதையே ரத்து செய்யக் கேளுங்கள், இடைக்காலத் தடையும் கோருங்கள். மனைகள் விற்று வீடு எழும்பிய பின் போனால், வாங்கியவர்களும் எதிர்மனுதாரர்களாக வருவார்கள். வழக்கு இழுக்கும்.