டாக்டரிடம் எந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்பது?

பரிசோதனைகளின் பெயர்களைத் தேடும் முன், ஒரு துண்டுச் சீட்டை எடுங்கள். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது என்று எழுதுங்கள். சத்து மாத்திரை உட்படச் சாப்பிடும் எல்லா மருந்தையும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சர்க்கரை, மாரடைப்பு, தைராய்டு எந்த வயதில் வந்தது என்பதையும் குறியுங்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் கூடவே வையுங்கள். டாக்டர் முடிவெடுக்கத் தேவையானதில் பெரும்பகுதி இந்தச் சீட்டிலேயே இருக்கும்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டில் 'இயல்பு அளவு' என்று அச்சாகும் எல்லை, பெரும்பாலான பரிசோதனைகளில், ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுக்கப்பட்டது. நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்டித் தடித்த எழுத்தில் வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு. பிறகு மறுபரிசோதனை, ஸ்கேன், தூக்கமில்லாத இரவுகள்.

அதனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் இதைக் கேளுங்கள்: "இது மாறி வந்தால் என்ன செய்வோம்? சரியாக வந்தால் என்ன செய்வோம்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அது தேவையில்லை.

சோர்வை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாக அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்று ஒரு பெண் சொல்கிறார். ஹீமோகுளோபின் 12.4 வருகிறது, பெண்களுக்கு எல்லை 12 என்பதால் 'சரியாக இருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் உடம்பு முதலில் சேமிப்பில் இருக்கும் இரும்பைத்தான் செலவழிக்கும். அது தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அது 9 என்று வந்தால் கிடங்கு காலி. இவர் முழு ரத்த எண்ணிக்கையோடு ஃபெரிட்டினையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். அப்போது சாதாரணமாகத் தெரியும் எண்ணை நம்ப முடியாது. ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்திருந்தால் மாத்திரையோடு நிறுத்தக் கூடாது. குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம்.

அதே சோர்வுக்குத் தைராய்டும் காரணமாகலாம். பெரும்பாலும் தொடக்கத்துக்கு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மட்டும் போதும், அது மாறியிருந்தால் ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்). சர்க்கரைக்கு, வெறும் வயிற்று அளவு 126 மி.கி. அல்லது எச்பிஏ1சி 6.5 சதவீதம் முதல் நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை வைத்துக் கணிக்கும் இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால், சமீபத்தில் ரத்தம் ஏற்றியவருக்கும் ரத்தசோகை உள்ளவருக்கும் அது தவறாகக் காட்டலாம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடமாகச் சாப்பிடுபவர், கால் மரத்துப்போனால் வைட்டமின் பி12 பரிசோதனையைக் கேட்கலாம். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், லோசார்ட்டன் போன்ற மாத்திரை தொடங்கினால், ஓரிரு வாரத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பது வழக்கம். யாரும் எழுதித் தரவில்லை என்றால் நீங்களே நினைவூட்டுங்கள்.

அறிகுறி இல்லாதவர் புற்றுநோய் பயத்தில் சிஏ-125, சிஇஏ போன்ற புற்றுநோய்க் குறியீட்டுப் பரிசோதனைகளைக் கேட்க வேண்டாம். மாதவிடாய் நாட்களிலும் கருப்பை நார்க்கட்டியிலும்கூட சிஏ-125 ஏறும்; ஆரம்பப் புற்றுநோயில் சரியாகவே வந்து ஏமாற்றவும் செய்யும்.

பரிசோதனை சரியாக இருந்தும் தயாரிப்பில் கெட்டுப்போவதுண்டு. வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம், குடிப்பது நல்லதும்கூட, நரம்பு எளிதில் கிடைக்கும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத தைராய்டு நோயைக் கொண்டுவந்துவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அளவு அதிகம் என்றால் இன்னும் முன்பே. மற்ற மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். முந்தைய நாட்களில் கடுமையான உடற்பயிற்சி செய்திருந்தால் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி என்ற நொதி தசையிலிருந்தும் வந்து ஏறி, கல்லீரல் கெட்டதுபோலத் தெரியும். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும்.

பொட்டாசியம் மட்டும் தனியாகக் கூடி வந்தால், ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தனவா என்று லேபில் கேளுங்கள். உடைந்த அணுக்களிலிருந்து கசிவதும் பொட்டாசியம்தான். ஆனாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உண்மையிலேயே கூடியிருந்தால் இதயத் துடிப்பைப் பாதிக்கும் என்பதால் மறுபரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.