விதிச் சண்டையில் ஆட்டம் நிற்காமல் இருக்க

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் குழுக்களில் இப்போது வரும் பல வாக்குவாதங்களுக்குக் காரணம் ஒன்றுதான்: ஒருவர் 2014 விதிப் புத்தகத்தை வைத்துப் பேசுவார், இன்னொருவர் 2024 புத்தகத்தை வைத்து.

குணமாக்கும் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 விதிப்படி அதைக் குடிக்க அந்தச் சுற்றுக்கான முக்கியச் செயலான ஆக்‌ஷனையே செலவழிக்க வேண்டும். பிறகு வாள் வீச முடியாது. 2024-இல் கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும், குடித்த கையோடு வெட்டவும் செய்யலாம். பல குழுக்கள் இதை முன்பிருந்தே தாங்களே வகுத்த வீட்டு விதியாக வைத்திருந்ததால், புதிதாகச் சேருபவர்கள் இன்னும் குழம்புகிறார்கள்.

அதனால் முதல் நாளே எந்த ஆண்டுப் புத்தகம் என்று பேசி முடித்து, வீட்டு விதிகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம் தேடுங்கள். கிடைக்கவில்லையா, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் சொல்வதுதான் அன்றைக்குச் சட்டம். ஆட்டம் முடிந்ததும் நிதானமாகப் பார்த்து, முடிவை அதே தாளில் சேர்த்துவிடுங்கள். ஒரு கதாபாத்திரத்தின் உயிர் போகிற கட்டம் என்றால் மட்டும் அவசரம் வேண்டாம். மாதக்கணக்கில் வளர்த்த கதாபாத்திரம் அது, பத்து நிமிடம் போனாலும் தகும்.

தாளில் முதல் வரியாக இதை எழுதலாம்: தாக்கும்போது இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் அடி நிச்சயம் படும், பூட்டைத் திறக்கவோ அரசனை மசியவைக்கவோ அப்படி ஒரு விதி இரண்டு புத்தகங்களிலும் இல்லை.