போஸ்ட்கிரெஸில் மாற்ற முடியாத செட்டிங்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை பில்லிங், காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிக் கணக்கு, மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் யார்டு என்று வடசென்னையில் பல இடங்களில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வர் ஏதோ ஒரு மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொள்ள தனியாக டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) கிடையாது. சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவரோ, கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பியோதான் அதற்கும் பொறுப்பு. அவர்களுக்காக எழுதுகிறேன்.

போஸ்ட்கிரெஸில் உள்ள செட்டிங்குகளில் பெரும்பாலானவற்றை நாம் மாற்றலாம். ஒரு சிறு கூட்டத்தை மட்டும் பார்க்கத்தான் முடியும். பிளாக் சைஸ் (டிஸ்க்கில் டேட்டாவைப் படித்து எழுதும் துண்டின் அளவு), சர்வர் என்கோடிங் (எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் முறை), டேட்டா செக்சம்ஸ் (டேட்டா கெட்டுவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்கள்), சர்வர் வெர்ஷன் எல்லாம் இந்த வகை. ‘ஷோ’ போட்டால் மதிப்பு வரும், ‘செட்’ போட்டால் மாற்ற முடியாது என்று எரர் வரும். பிஜி_செட்டிங்ஸ் வியூவில் (டேபிள் போலவே கேட்டுப் பார்க்கும் பட்டியல்) கான்டெக்ஸ்ட் என்ற நெடுவரிசையில் ‘இன்டர்னல்’ என்று இருந்தால் அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரு செட்டிங்கைத் தொடும் முன் அந்த நெடுவரிசையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் கீழே சொல்லும் தொல்லைகளில் பாதி வராது.

கான்ஃபிக் ஃபைலில் எழுதிவிட்டு ரீலோடு கொடுப்பது

இருப்பதிலேயே ஆபத்தான தவறு இதுதான். காரணம், செய்தவுடன் எதுவும் ஆகாது.

“அண்ணே, பிளாக் சைஸை 16 கேபி ஆக்கி கான்ஃபிக்ல போட்டுட்டேன். ரீலோடும் குடுத்தேன். எரர் ஒண்ணும் வரல” என்று ஃபோன் வரும். வராதுதான். ரீலோடு (சர்வரை நிறுத்தாமல் ஃபைலை மறுபடி படிக்கச் சொல்வது) கொடுத்ததற்கு ‘ட்ரூ’ என்று பதில் வந்தால், சிக்னல் போய்விட்டது என்று மட்டும்தான் பொருள். சர்வர் அந்த வரியைப் படித்து, ஏற்காமல் விட்டு, மற்ற மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, லாக் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டு வேலையைத் தொடரும். கடையில் பில் ஓடும். யாரும் லாக்கைத் திறந்து பார்க்கமாட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி மழையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் இறங்கி, மெஷின் திரும்ப எழும். புதிதாகக் கிளம்பும்போது கான்ஃபிக் ஃபைலில் தவறு இருந்தால் போஸ்ட்கிரெஸ் கிளம்பவே கிளம்பாது. எப்போதோ எழுதிய ஒரு வரிக்காகக் காலையில் கடை திறந்ததும் பில் போட முடியாமல் நிற்க வேண்டியதுதான். எல்லோரும் டிஸ்க்கையும் கரண்டையும் சந்தேகப்படுவார்கள். லாக்கின் கடைசி வரிகளைப் படித்தால் எந்த செட்டிங் என்று பெயரோடு இருக்கும். அந்த வரியை எடுத்துவிட்டால் போதும், சர்வர் எழுந்துவிடும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி. ஒன்று, ஃபைலைக் கையால் திருத்தாமல் ‘ஆல்டர் சிஸ்டம்’ கட்டளையில் மாற்றுங்கள். மாற்ற முடியாத செட்டிங் என்றால் அது அங்கேயே மறுத்துவிடும். இரண்டாவது, கையால்தான் திருத்துவேன் என்றால், ரீலோடுக்கு முன்பே பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் வியூவைப் பாருங்கள். ஃபைலில் இப்போது எழுதியிருப்பதை வரி எண்ணோடு காட்டும். எரர் நெடுவரிசையில் ஏதாவது இருந்தால் அந்த வரி செல்லாது. இந்த வியூ 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனால் பயன்படுத்துபவர்கள் குறைவு.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி நினைப்பது

‘மாற்ற முடியாது’ என்று சர்வர் சொன்னால், அந்த மதிப்பு எந்தக் கட்டத்தில் முடிவானது என்று கேளுங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

பிளாக் சைஸ், பெயர் நீளம், ஃபங்ஷனின் அதிகபட்ச ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை எல்லாம் போஸ்ட்கிரெஸைக் கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிட்டவை. டேட்டா செக்சம், வால் (மாற்றங்களைப் பதியும் லாக்) செக்மென்ட் அளவு இரண்டும் இனிட்டிபி ஓட்டி டேட்டா டைரக்டரியை முதலில் உருவாக்கும்போது முடிவாகின்றன. சர்வர் என்கோடிங் ஒவ்வொரு டேட்டாபேஸையும் உருவாக்கும்போது. ஷேர்டு மெமரி சைஸ் சர்வர் கிளம்பும்போது கணக்கிடப்படுவது. அதைக் குறைக்க வேண்டுமானால் முக்கியமாக ஷேர்டு பஃபர்ஸை (டேட்டாவை மெமரியில் வைக்க ஒதுக்கும் இடம்) தொட வேண்டும்.

‘மாற்ற முடியாது’ என்பது எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தையும் அல்ல. செக்சம் இல்லாமல் ஆரம்பித்த சர்வரை ஒழுங்காக நிறுத்திவிட்டு, பிஜி_செக்சம்ஸ் கருவியால் அதைப் போட்டுக்கொள்ளலாம். 12ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. 18ஆம் பதிப்பில் இனிட்டிபி தானாகவே செக்சத்தைப் போட்டுவிடுகிறது. பழைய சர்வரில் அது இல்லையென்றால் பிஜி_அப்கிரேடு (புதுப் பதிப்புக்கு மாற்றும் கருவி) இரண்டும் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். பழையதில் செக்சத்தைப் போட்டுவிட்டு மேலே போங்கள். மலிவு டிஸ்க்குகளில் ஓடும் கடை சர்வருக்கு அந்தப் பாதுகாப்பு அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

என்கோடிங்கைப் பார்க்காமல் தமிழை ஏற்றுவது

லோகேல் (மொழி, வட்டார அமைப்பு) எதுவும் வைக்காத லினக்ஸ் மெஷினில், லோகேல் ‘சி’ என்ற நிலையில் இனிட்டிபி ஓட்டினால் சர்வர் என்கோடிங் எஸ்கியூஎல் ஆஸ்கி ஆகிவிடும். தமிழ் உள்ளே போகும், திரும்பியும் வரும். அதனால் சரி என்று தோன்றும். ஆனால் சர்வர் அதை எழுத்தாகப் பார்ப்பதில்லை, வெறும் பைட்டாகத்தான் பார்க்கிறது. ‘சென்னை’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் யுடிஎஃப்-8 (யூனிகோடு என்கோடிங்) டேட்டாபேஸ் 6 என்று சொல்லும், இது 18 என்று சொல்லும். நீள வரம்பு வைத்த நெடுவரிசையில் தமிழ்ப் பெயர் கொள்ளாது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங்கிலும் இன்னொன்றிலிருந்து யூனிகோடிலும் பெயர்கள் வந்தால் இரண்டையும் தடுக்காமல் வாங்கிக்கொள்ளும். வருடங்கள் கழித்து அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கிளையன்ட் என்கோடிங்கை மாற்றினால் சரியாகும் என்று முயல்வார்கள். ஆகாது. டெம்ப்ளேட்0 என்ற காலி மாதிரி டேட்டாபேஸை அடிப்படையாக வைத்து யுடிஎஃப்-8 என்கோடிங்கில் புது டேட்டாபேஸ் உருவாக்கி, டம்ப் எடுத்து, சுத்தம் செய்து ஏற்றுவதுதான் வழி. முதல் பில் போடும் முன்பே ‘ஷோ’ போட்டு ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

பெயர் நீளத்தை எழுத்தில் எண்ணுவது

டேபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் பெயரின் வரம்பு 63 பைட். தமிழில் ஒரு யூனிகோடு குறிக்கு 3 பைட். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ஆக மொத்தம் 21 குறிகள்தான்.

‘வண்ணாரப்பேட்டை_கிளை_விற்பனை’ என்று ஒரு டேபிள் வைத்துக்கொள்வோம். வண்ணாரப்பேட்டைக்கு மட்டுமே 42 பைட். அடிக்கோடு 1, கிளைக்கு 12, இன்னொரு அடிக்கோடு 1, ‘வி’க்கு 6. கூட்டினால் 62. அடுத்த எழுத்துக்கு இடமில்லை. சர்வர் ஒரு நோட்டீஸ் காட்டிவிட்டு ‘வண்ணாரப்பேட்டை_கிளை_வி’ என்று வெட்டி உருவாக்கும். அடுத்து ‘வண்ணாரப்பேட்டை_கிளை_விலைப்பட்டியல்’ என்று இன்னொன்று உருவாக்கப் போனால் அதுவும் வெட்டுப்பட்டு அதே பெயராகும். ‘இஃப் நாட் எக்சிஸ்ட்ஸ்’ சேர்த்திருந்தால் எரரும் வராது, ஏற்கனவே இருக்கிறது என்று தாண்டிவிடும். விலைப்பட்டியலில் எழுதுவதாக நினைத்து விற்பனை டேபிளில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். இரண்டின் நெடுவரிசைகளும் பொருந்தினால் கண்டுபிடிக்கவே நாளாகும். ஊர்ப் பெயரை டேபிளின் பெயரில் வைக்காமல் ஒரு நெடுவரிசையில் வையுங்கள். மைஎஸ்கியூஎல்லில் வரம்பு 64 எழுத்து என்பதால், அங்கிருந்து மாறி வருபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சின்னதாக இரண்டு

ஸ்கிரிப்டில் சர்வர் வெர்ஷனை எழுத்தாக ஒப்பிடாதீர்கள். அப்படி ஒப்பிட்டால் 9.6.24 என்பது 14.5-ஐ விடப் பெரிதாகிவிடும். அதற்கென்றே சர்வர்_வெர்ஷன்_நம் இருக்கிறது: 90624, 140005 என்று எண்ணாகவே தரும். இதேபோல ஜேசான் பில்டு ஆப்ஜெக்ட் என்ற ஃபங்ஷனில் 50 ஜோடிக்கு மேல் கொடுத்தால் 100 ஆர்க்யுமென்ட் வரம்பில் முட்டும். சர்வரை மாற்றத் தேடவேண்டாம், ஜேசான்பி-யை இரண்டாகக் கட்டி இணைத்துவிடுங்கள்.

ஸ்டாண்ட்பையை செட்டிங்கால் எழுப்பப் பார்ப்பது

மெயின் சர்வர் விழுந்ததும் ஸ்டாண்ட்பையை (மெயினைப் பின்தொடரும் நகல் சர்வர்) பில்லிங்குக்குக் கொடுப்பார்கள். ரீட்-ஒன்லி ட்ரான்சாக்‌ஷனில் எழுத முடியாது என்று எரர் வரும். உடனே டிஃபால்ட் ட்ரான்சாக்‌ஷன் ரீட் ஒன்லியைத் தேடிப்போய் ‘ஆஃப்’ போடுவார்கள். ஒன்றும் ஆகாது. 14ஆம் பதிப்பு முதல் உள்ள இன் ஹாட் ஸ்டாண்ட்பை என்பதை ‘ஷோ’ போட்டுக் கேளுங்கள். ‘ஆன்’ என்று வந்தால் அது இன்னும் பின்தொடரும் நிலையில்தான் இருக்கிறது. பிஜி_ப்ரமோட் கொடுத்தால்தான் அது மாறும்.

கொடுக்கும் முன் பழைய மெஷின் அணைந்துவிட்டதா என்று நேரில் பாருங்கள், நெட்வொர்க் கேபிளையும் உருவிவிடுங்கள். அது பாதி உயிரோடு இருந்தால் ஒரு கவுன்ட்டர் பழையதிலும் இன்னொன்று புதியதிலும் பில் போடும், ஒரே பில் எண் இரண்டு வாடிக்கையாளருக்குப் போகும். பழையதைத் திரும்பச் சேர்க்கும்போது பிஜி_ரீவைண்டு ஓட்டியோ, புதிதாக பேஸ் பேக்கப் எடுத்தோ ஸ்டாண்ட்பையாகச் சேருங்கள்.