கணவாய்ச் சுற்று: திட்டமிடும்போதே செய்யும் தவறுகள்

“120 கிலோமீட்டர்தானே, ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடலாம்.” சமவெளியில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் மலைக்குப் போகும்போது செய்யும் முதல் தவறு இதுதான். உயரமான கணவாய்களைச் சுற்றி வர, தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும், அதில் எவ்வளவு கடைசிக்கு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் கிரிம்செல் (2,164 மீட்டர்), ஃபுர்கா (2,429), சுஸ்டன் (2,224) மூன்றையும் இணைக்கும் சுற்றை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 120 கி.மீ., ஏற்றம் சுமார் 3,500 மீட்டர். மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறுபவருக்கு ஏறுவதற்கு மட்டுமே ஆறு மணி நேரம் வேண்டும். இன்னர்ட்கிர்ஹென் என்ற ஊரில் புறப்பட்டு முதலில் கிரிம்செல் ஏறினால், கடைசியில் வாசன் என்ற ஊரிலிருந்து சுஸ்டனுக்கு 1,300 மீட்டர் பாக்கி இருக்கும். கால்கள் ஓய்ந்திருக்கும், கோடையில் பிற்பகல் என்றால் மலையில் இடிமழை கட்டும் நேரமும் அதுதான். திசையை மாற்றிச் சுஸ்டனை முதலில் ஏறினால், கடைசியாக, ஃபுர்காவிலிருந்து இறங்கி வரும் கிளெட்ச் என்ற இடத்திலிருந்து கிரிம்செலுக்குச் சுமார் 400 மீட்டர்தான். வாசனுக்கும் ஆண்டர்மாட்டுக்கும் நடுவே போக்குவரத்து மிகுந்த சாலையில் மெதுவாக ஏற வேண்டியிருக்கும், அது ஒரு குறைதான். ஆனாலும் நான் இந்தத் திசையையே சொல்வேன். எந்தச் சுற்றாக இருந்தாலும் கடைசிக் கணவாயை முதலில் முடிவு செய்யுங்கள்.

அப்புறம், நடுவில் விட்டுவிட வேண்டி வந்தால் எப்படி வெளியேறுவது? பாதித் தூரம் போன பிறகு முன்னாலும் மலை, பின்னாலும் மலை. இந்தச் சுற்றில் ஃபுர்காவின் ஒரு பக்கம் உள்ள ரெயால்ப்பிலிருந்து மறுபக்கம் உள்ள ஓபர்வால்டுக்கு 15 கி.மீ. சுரங்கம் வழியே ரயில் போகிறது. ஃபுர்காவை அதில் தாண்டிவிடலாம், ஆனால் கிரிம்செல் அப்படியே காத்திருக்கும். அன்று இரவு தங்க வேண்டி வரலாம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சராசரிச் சரிவை நம்புவது இன்னொரு பொறி. பிரான்சில் சென்-மிஷேல்-த-மோரியேனிலிருந்து கலிபியே கணவாய் உச்சிக்கு சராசரி 5.5 சதவீதம் என்றுதான் வரும். நடுவில் டெலகிராஃப் கணவாய்க்குப் பிறகு வரும் இறக்கமும் அந்தக் கணக்கில் கலந்திருக்கிறது. கடைசி எட்டு கிலோமீட்டர் சுமார் 8 சதவீதம், அதுவும் காற்று மெலிந்த 2,000 மீட்டருக்கு மேல். எனவே வரைபடத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரின் சரிவையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கியர் விஷயத்தில் கௌரவம் பார்க்கவே கூடாது. முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 28 பல் என்றால், மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் சுற்றும். பின்னால் 34 பல் போட்டால் 63 ஆகும், ஒவ்வொரு மிதியும் இலகுவாகும். நாள் முழுக்க ஏறும்போது முழங்கால் அந்த வித்தியாசத்தை உணரும்.

பலர் ஏற்றத்துக்குத் தயாராகிறார்கள், இறக்கத்தை மறந்துவிடுகிறார்கள். 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். உச்சியில் வியர்வையில் நனைந்த சட்டையோடு மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இறங்கினால் விரல்கள் மரத்துப்போகும், பிரேக்கை அழுத்தவே முடியாது. காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும் முழு விரல் கையுறையும் வெயில் நாளிலும் பையில் இருக்க வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். சக்கர விளிம்பை (ரிம்) அழுத்தும் ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். தேய்ந்த பிரேக் பேடை ஊரிலேயே மாற்றிவிடுங்கள்.

சுரங்கங்களில் போக சைக்கிளின் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். சுஸ்டன் உச்சியிலேயே ஒரு சுரங்கம் உண்டு. சில சுரங்கங்களில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, பழைய சாலை இருக்கிறதா என்று தேடுங்கள்.

தேதி குறிக்கும்போது, இந்தக் கணவாய்கள் பனியால் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும் என்பதையும் ஜூன் வரைகூடத் திறக்காமல் இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். விடுதிக்குப் பணம் கட்டும் முன் ஒருமுறை, புறப்படும் நாள் காலையில் ஒருமுறை சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.