ஸ்காபரோவில் உங்கள் முதல் குசினி: சாமான் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவுக்கு வந்து, வாடகை வீட்டுத் திறப்பு கையில் கிடைத்ததும் சட்டி பானை வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். முதல் கிழமையை ஒரு சோறு சட்டி, ஒரு கறிச்சட்டி, ஒரு கத்தி, ஒரு அகப்பையோடு சமாளித்துவிடலாம். அந்தக் கிழமைக்குள் குசினியை வடிவாகப் பாருங்கள். அடுப்பு எந்த வகை, மேசையை ஒட்டி எத்தனை பிளக் இருக்கிறது, அடுப்புக்கு மேலே உள்ள விசிறி காற்றை எங்கே விடுகிறது. இந்த மூன்றும் தெரியாமல் வாங்கிய சாமான்கள்தான் பிறகு பேஸ்மென்ற் என்ற நிலக்கீழ் அறையின் மூலையில் கிடக்கின்றன. இங்குள்ள குசினிகளைக் கட்டியவர்கள் மணிக்கணக்காக ஆவியில் அவிப்பதையும் தினமும் தாளிப்பதையும் நினைத்துக் கட்டவில்லை. ஆனாலும் பிட்டு, இடியப்பம், சோதி, பொரியல் எல்லாவற்றையும் அதே குசினியில் தாராளமாகச் செய்யலாம். வீட்டின் போக்கைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ஊரிலிருந்து மிக்சியையோ மா அரைக்கும் கிரைண்டரையோ சுமந்து வராதீர்கள். மின்மாற்றி வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு வேண்டிய மின்மாற்றி கனமானது, விலையும் கூட. வோல்ட் சரியானாலும் 60 ஹேர்ட்ஸில் கிரைண்டர் மோட்டார் வேகம் மாறி ஓடும். வட அமெரிக்காவுக்கென்று செய்த மிக்சியும் கிரைண்டரும் தமிழ்க் கடைகளிலும் இந்தியக் கடைகளிலும் கிடைக்கின்றன. எந்த மின்சாதனம் வாங்கினாலும் அடியில் சிஎஸ்ஏ (CSA) அல்லது சியூஎல் (cUL) என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாக வரும் சில பொருட்களில் அது இருக்காது.

அடுத்தது பிரேக்கர், அதாவது பாரம் கூடினால் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் விசை. பல பிளக்குகள் ஒரே இணைப்பில் இருக்கலாம். ஒரு 15 ஆம்பியர் இணைப்பு ஏறக்குறைய 1,800 வாட் வரைதான் தாங்கும். கேத்தில் மட்டுமே 1,500 வாட் இழுக்கும். அதே இணைப்பில் 1,000 வாட் மின் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழும், குசினி இருண்டுவிடும். வந்த புதிதில் பலர் இதைப் பழுது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பழுது இல்லை, அது பாதுகாப்பு. எந்தப் பிளக் எந்த இணைப்பில் இருக்கிறது என்று ஒரு நாள் சோதித்துப் பார்த்து, சூடாக்கும் சாதனங்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். சாமான்களை எங்கே வைப்பது என்பதை அலுமாரிக்கு முன்பே இதுதான் முடிவு செய்கிறது. நீட்டு வயரில் கேத்திலையோ குக்கரையோ கொழுவவே வேண்டாம்.

அடுப்புக்குத் தனியாக 240 வோல்ட் இணைப்பு உண்டு, அது பலமானதுதான். ஆனால் சுருள் அடுப்பும் கண்ணாடி அடுப்பும் தட்டையான அடியைத்தான் சூடாக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை அடித் தாச்சி அதன்மேல் ஆடும், நடுவில் மட்டும் கருகும். அடி தட்டையான தாச்சி ஒன்று வாங்குங்கள். கண்ணாடி அடுப்பில் இரும்புச் சட்டியை இழுக்காமல் தூக்கி வையுங்கள். சீனிப்பாகு சிந்தினால் கண்ணாடியில் பள்ளம் விழும், ஆகவே பாகு காய்ச்சும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புதிய கொண்டோ வீடுகள் சிலவற்றில் காந்தப் புலத்தால் சட்டியையே சூடாக்கும் இண்டக்ஷன் அடுப்பு இருக்கும். அதில் காந்தம் ஒட்டாத அலுமினிய இட்லிச் சட்டியும் மண்சட்டியும் வேலை செய்யாது. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை மட்டும் யோசிக்காமல் கொண்டுவாருங்கள். வாய் பொருந்தும் எந்தப் பானையின் மேலும் அது இருக்கும்.

இனி காற்று. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லியே ஆகவேண்டும்.

பல அடுக்குமாடி வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி காற்றை வெளியே தள்ளுவதில்லை. கரி வடிகட்டி வழியாக இழுத்துத் திரும்பவும் வீட்டுக்குள்ளேயே விடுகிறது. விசிறியைப் போட்டுவிட்டு அதன் மேல்பக்கத்தில் கையைப் பிடித்துப் பாருங்கள். காற்று கையில் அடித்தால், அது வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது என்பதுதான் சங்கதி. அந்த வீட்டில் தாளிதத்தின்போது யன்னலைக் கொஞ்சம் திறக்க வேண்டும், பனிக்காலத்திலும்தான். பேஸ்மென்றில் இது இன்னும் முக்கியம். இடியப்பம் அவிக்கும் ஆவி போக வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும், கிழமைகள் போகப் போகப் பூஞ்சணம் பிடிக்கும். சின்னப் பிள்ளைகள், மூச்சிழுப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அதைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. அவிக்கும்போது மூடியை மூடியே வைத்திருங்கள், சமைத்து முடிந்தபின்னும் விசிறியைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள்.

குளிர்ச்சட்டைகளைக் குசினிப் பக்கம் தொங்கவிடாமல் மூடிய அலுமாரியில் வையுங்கள். எங்கள் சாப்பாட்டின் வாசத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த நாள் நேர்முகத்துக்குப் போகிறவருக்கு அந்த யோசனையே இல்லாமல் போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மிளகாய் வறுத்தால் புகை அலாரம் கத்தும். அதைக் கழற்றுவதும், பையால் கட்டி மூடுவதும் ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து. ஒளியால் புகையைக் கண்டறியும் ஒளிமின் (photoelectric) வகை அலாரம் சமையல் புகைக்குக் குறைவாகவே கத்தும். அதை மாட்டித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வறுத்த மிளகாய்த்தூள் கடையில் கிடைக்கும்போது அடுக்குமாடியில் மிளகாய் வறுக்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடுங்கள். பொரிக்கும்போதெல்லாம் பொருத்தமான மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இதற்குப் பிறகுதான் அலுமாரி. இங்கே மேல் அலுமாரி ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் ஆழம், கீழ் அலுமாரி 60. கீழே பின்பக்கம் வைத்தது மறந்துபோகும். டொலராமா என்ற மலிவுக் கடையில் விற்கும் நீளக் கூடைகளில் பருப்பு வகைகளைப் போட்டு வைத்தால் கூடையோடு இழுத்து எடுக்கலாம். தூள் போத்தல்களை அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள். சூடும் ஆவியும் வாசத்தைக் கெடுத்துவிடும். ஒரு மாதத்துக்குரிய தூளை வெளியே வைத்து மிச்சத்தை ஃபிரீசரில் வையுங்கள். சிவப்பரிசி மாவும் அப்படித்தான், தவிடு உள்ள மா கெதியாகக் காறல் அடிக்கும். ஃபிரீசரிலிருந்து எடுத்த பையை, குளிர் விட்ட பிறகுதான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் உள்ளே இறங்கிவிடும்.

40 இறாத்தல் அரிசி மூட்டை 18 கிலோ. மலிவுதான், ஆனால் அதை பேஸ்மென்ற் சீமெந்துத் தரையில் நேரே வைத்தால் ஈரம் ஏறும். ஒரு பலகை மேல், இறுக்கமான மூடியுள்ள வாளியில் வையுங்கள். கழுவும் தொட்டிக்குக் கீழே சாப்பாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம், குழாய் ஒழுகினால் எல்லாம் போய்விடும்.

ஃபிரிட்ஜ் 4 பாகை செல்சியஸுக்குக் கீழேயும் ஃபிரீசர் மறை 18 பாகையிலும் இருக்க வேண்டும். மிஞ்சிய சோற்றை இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே வையுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ஆனால் சமைக்கச் சுடுநீர்க் குழாயைத் திறக்காதீர்கள், குளிர்நீரையே பிடித்துச் சூடாக்குங்கள். சுடுநீரில் குழாய்களின் ஈயம் கூடுதலாகக் கரையும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துவிடும். கொஞ்சமென்றால் கடதாசியில் ஒற்றி, சமையல் கழிவு போடும் பச்சைக் குப்பைத் தொட்டியில் போடலாம்.

பனிக்காலத்தில் தோசைமா புளிக்காது என்று கவலைப்படுவார்கள். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவை உள்ளே வைத்து மூடுங்கள். பழைய குண்டு விளக்கென்றால் அந்தச் சூடே காணும், எல்ஈடி என்றால் போதாது. ஓவன் கதவில் "உள்ளே மா இருக்கு" என்று ஒரு கடதாசி ஒட்டுங்கள், தெரியாமல் யாரும் போட்டுவிடாமல்.

அடுப்பு, ஃபிரிட்ஜ் வீட்டோடு வந்தவை என்றால் அவற்றைத் திருத்திக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. கரப்பான், எலி வந்தாலும் அப்படியே. ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம், சேத முற்பணம் என்று கேட்க முடியாது. ஆனால் சுவரில் துளையிட்டுத் தட்டு அடிப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். முறைப்பாட்டை வாயால் சொல்லி விடாமல் எழுதிக் கொடுத்து, படம் பிடித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தும் நடக்காவிட்டால் ரொறன்ரோ மாநகரச் சேவை எண்ணான 311ஐ அழைக்கலாம். மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களுக்கு அவற்றின் பராமரிப்பைக் கண்காணிக்கும் ரென்ற்சேஃப்ரிஓ (RentSafeTO) என்ற மாநகரத் திட்டம் உண்டு. ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஒழுங்கு செய்து தருவார்கள்.