புரதம், உடம்பு, பேசும் பறவை: பதில் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றாட அறிவியல் கேள்விகளுக்குப் பதில் எழுதப் புதிதாக வருகிறவர்களின் வரைவுகளைச் சில வருடங்களாகத் திருத்தித் தருகிறேன். எழுத்துப்பிழை, அலகு மாறிப்போவது போன்றவற்றை அவர்களே மறுவாசிப்பில் பிடித்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை இவர்கள் தாளிலும் பார்க்கும்போதுதான் மனம் பதறுகிறது.

நடுவில் நடப்பதை விட்டுவிடுவது

"புரதம் உடம்பில் என்ன செய்கிறது?" என்று ஒரு சிறுமி கேட்டிருந்தாள். "புரதம்தான் உடம்பின் செங்கல். சாப்பிடும் புரதம் தசையிலும் தோலிலும் போய்ச் சேர்கிறது" என்று எழுதினேன். சின்னப் பதில், கச்சிதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு பெரியவர் தேடி வந்தார். பல வருட நீரிழிவு, தினமும் இன்சுலின் ஊசி. "இன்சுலினும் புரதம்தானே தம்பி? சாப்பிடுகிற புரதம் உடம்பில் போய்ச் சேரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊசி மருந்தை அப்படியே குடித்துவிட்டால் என்ன?" என்றார். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்திருந்தார். கேட்காமல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

செங்கல் என்று நான் சொல்லியிருக்க வேண்டியது அமினோ அமிலத்தை. புரதம் என்பது அந்தக் கற்களை வரிசையாகக் கோத்த சங்கிலி. சாப்பிட்டதும் இரைப்பையில் பெப்சின் என்ற நொதி அதை வெட்டத் தொடங்கும். சிறுகுடலில் கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் முதலான நொதிகள் மேலும் நறுக்கும். ரத்தத்துக்குள் போவது பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலங்கள். அப்புறம் செல்களில் உள்ள ரைபோசோம்கள், மரபணு சொல்லும் வரிசைப்படி, 20 வகை அமினோ அமிலங்களிலிருந்து தேவையான புரதத்தைப் புதிதாகக் கோக்கின்றன.

இன்சுலினில் இருப்பவை 51 அமினோ அமிலங்கள். அவற்றின் வரிசையைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரெடரிக் சாங்கருக்கு 1958-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வரிசை அறுந்தால் அது இன்சுலினே இல்லை. விழுங்கினால் குடலில் அதுதான் நடக்கும். முட்டையிலிருந்து வந்த அமினோ அமிலமா, இன்சுலினிலிருந்து வந்ததா என்று உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஊசியாகப் போடுவதே இந்த நறுக்கலைத் தாண்டுவதற்காகத்தான். பெரியவருக்கு இதைத் தாளில் சங்கிலி வரைந்து காட்டினேன். அன்றே என் பழைய பதிலையும் மாற்றி எழுதினேன்.

தோலில் இருக்கும் புரதமான கொலாஜனைச் சாப்பிட்டால் அது கொலாஜனாகவே தோலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது. முட்டையை வேகவைத்தால் புரதம் 'அழிந்துவிடும்' என்பதும் அப்படியே. வெப்பத்தில் சங்கிலியின் மடிப்புதான் பிரிகிறது, சங்கிலி அறுவதில்லை. மடிப்பு பிரிந்த சங்கிலியை நொதிகள் எளிதாக வெட்டும், அதனால் வெந்த முட்டை பச்சை முட்டையைவிட நன்றாகச் செரிக்கும்.

போன வாரமும் ஒரு வரைவில் "புரதம் நேராகத் தசைக்குப் போகிறது" என்று இருந்தது. அந்த 'நேராக' என்ற சொல் எங்கே வந்தாலும் அடித்துவிடுங்கள்.

"ஏழு வருடத்தில் உடம்பே புதிதாகிவிடும்"

ஆகாது. சிவப்பணு சுமார் 120 நாளில் மாறும். கண் வில்லையின் நடுவிலுள்ள புரதமோ நாம் பிறப்பதற்கு முன்பே உருவாகி, கடைசிவரை அப்படியே இருக்கும்.

நாக்குத் தடிப்பு

கிளிக்கு நாக்கு தடித்திருப்பதால் பேசுகிறது என்று எழுதுகிறார்கள். இங்கேயும் நடுவில் நடப்பது விடுபட்டுப் போகிறது. பறவையின் ஒலி பிறப்பது, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள சிரின்க்ஸ் என்ற குரல் உறுப்பில். கிளி நாக்கை அசைத்து அந்த ஒலியை மாற்றுகிறது, அவ்வளவுதான். மைனாவுக்குக் கிளி நாக்கு கிடையாது, ஆனாலும் பேசுகிறது. கோழிக்கும் சிரின்க்ஸ் உண்டு, ஆனால் எத்தனை வருடம் நம்மோடு வளர்ந்தாலும் ஒரு சொல்கூடக் கற்காது. கேட்டதை நினைவில் வைத்து, தன் குரலை அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் மூளை கிளிக்கும் மைனாவுக்கும் இருக்கிறது.

எதற்காக, எப்படி

கிளி எதற்காகப் பேசுகிறது, எப்படிப் பேசுகிறது என்பவை இரண்டும் வேறு கேள்விகள். ஒன்றைக் கேட்டால் மற்றதற்குப் பதில் எழுதாதீர்கள்.

"கிளிக்கு எதுவும் புரியாது"

இவ்வளவு உறுதியாக எழுதாதீர்கள். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977 முதல் பழக்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2007-இல் இறந்தது. ஒரே பொருளைக் காட்டி நிறம் என்ன, வடிவம் என்ன என்று மாற்றி மாற்றிக் கேட்டாலும், பெரும்பாலும் அந்தந்தக் கேள்விக்குரிய பதிலையே அது சொன்னது.