பிள்ளையோடு ஆர்சி ரேஸ் கார் கட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

மகளுக்குப் பத்து வயதானபோது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் முதல் ஆர்சி காரை, அதாவது ரிமோட்டில் ஓடுகிற காரைக் கட்டினோம். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு, நான்கு சக்கரமும் இழுக்கிற ரேஸ் கார், பெட்டியைத் திறந்தால் பை பையாகப் பிளாஸ்டிக்கும் ஸ்க்ரூவும்தான். முதல் மூன்று நாள் நன்றாகவே போனது. நான்காம் நாள் இரவு அவள் தூங்கப் போன பிறகு, இது கொஞ்சம் சிக்கலான பகுதியாயிற்றே, நாமே முடித்து வைத்தால் நாளைக்கு அவளுக்குச் சுலபமாக இருக்குமே என்று நினைத்து, முன்பக்க டிஃபரன்ஷியலை (இடது வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற கியர் தொகுப்பு) நானே பூட்டி கியர் பெட்டியையும் மூடிவிட்டேன். காலையில் வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு மேசைப் பக்கம் வரவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மோட்டாரை முதல்முறை சுற்ற விட்டபோது பின் சக்கரங்கள் முன்னோக்கிச் சுற்றின, முன் சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின. டிஃபரன்ஷியலை இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இன்னும் சில கார்கள் கட்டியாகிவிட்டது. இந்த வேலையில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை பெரியவரின் அவசரத்தால்தான் வருகின்றன, பிள்ளையின் கை தடுமாறுவதால் அல்ல. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

திருப்புளியைப் பிடுங்குவது

இது இயல்பாக, யாருக்கும் தெரியாமலே நடக்கும். ஒரு ஸ்க்ரூ கோணலாக இறங்கும், "கொடு, நான் போடுகிறேன்" என்று கை நீளும், அப்புறம் திருப்புளி திரும்பிப் போகவே போகாது. கோணலாக இறங்கினதைக் கழற்றி மறுபடி போட ஒரு நிமிஷம்தான் ஆகும், அந்த நிமிஷத்தைப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். பெரியவர் செய்ய வேண்டியவை என்று தனியாகச் சில உண்டு: கூர்மையான கத்தி, டயர் ஒட்டுகிற சூப்பர் க்ளூ (அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும்), சால்டரிங், லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை சார்ஜ் செய்வது. மீதி எல்லாம் பிள்ளை கைதான். தப்பாகப் போட்டிருந்தால்கூட "இது தப்பு" என்று சொல்லாமல் "சக்கரத்தைச் சுற்றிப் பார், எங்கேயாவது பிடிக்கிறதா?" என்று கேட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள், அப்படிக் கண்டுபிடித்ததை மறக்கவும் மாட்டார்கள்.

ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதும் இதே வகைத் தவறுதான். முக்கால் மணி நேரம் போதும். பிள்ளைக்குக் களைப்பு வந்த பிறகு போடுகிற ஸ்க்ரூதான் மரை கெடும். கையேட்டில் ஒரு படி முடிகிற இடத்தில் நிறுத்துங்கள், பாதிப் படியில் நிறுத்தினால் எந்த வாஷர் போட்டோம், எது போடவில்லை என்று அடுத்த நாள் இரண்டு பேருக்குமே ஞாபகம் இருக்காது.

வேகத்தைப் பார்த்து கிட் வாங்குவது

முதல் காருக்கே வேகம் கூடின பிரஷ்லெஸ் மோட்டாரும் 3எஸ் (மூன்று செல்) லைப்போ பேட்டரியும் வேண்டாம். சாதாரண 540 அளவு பிரஷ்டு மோட்டார் போட்ட 1/10 காரே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையோடு மணிக்கு 25 கி.மீ. வாக்கில் ஓடும், அது கணுக்காலில் மோதினால் நன்றாகவே வலிக்கும். தமியா என்கிற ஜப்பான் நிறுவனத்தின் கிராஸ்ஹாப்பர் கார் 1984-இல் வந்தது, பின்னால் மறுபடி வெளியிட்டார்கள், சின்ன 380 மோட்டார், பின் சக்கரம் மட்டும் இழுக்கும், பாகங்களும் குறைவு. சின்னப் பிள்ளைக்கு இந்த மாதிரி எளிய வண்டி போதும். தார்ச்சாலைக் கார்தான் வேண்டும் என்றால் அதே தமியாவின் டிடி-02 (TT-02) மாதிரி, கியர்கள் மூடின பெட்டிக்குள் இருக்கிற சேசிஸாக (அடிச்சட்டமாக)ப் பாருங்கள், மணல் உள்ளே போகாது.

வாங்கும்போதே கவனிக்க வேண்டிய இன்னொன்று: கிட் பெட்டியில் டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கிற ரிமோட்), ரிசீவர் (காருக்குள் அதன் சைகையை வாங்குவது), சர்வோ (முன் சக்கரங்களைத் திருப்புகிற குட்டி மோட்டார்), பேட்டரி, சார்ஜர், பெயிண்ட் பெரும்பாலும் இருக்காது. பெட்டியின் பக்கவாட்டில் 'தனியாக வாங்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைப் படிக்காமல் வாங்கிப் பரிசாகக் கொடுத்தால் கார் கட்டி முடிந்தும் ஓடாமல் அலமாரியில் காத்திருக்கும். காத்திருக்கிற பிள்ளையைப் பார்ப்பது கஷ்டம்.

ஸ்க்ரூ விஷயத்தில் அலட்சியம்

கட்டுகிற வேலையில் பாதிக்கு மேல் ஸ்க்ரூதான், அதனால் கெடுவதும் இங்கேதான் கெடும். ஜப்பான் கிட்களில் வருகிற கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற அளவு முறையில் வெட்டப்பட்டவை. வீட்டில் இருக்கிற சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுசாக அடியில் உட்காராது, அழுத்தம் கொடுத்தால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். பிள்ளைக்குக் கையில் பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் தப்பு திருப்புளியில் இருக்கும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கினதும் என் மகளுக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அறுகோணத் தலை ஸ்க்ரூ வருகிற கிட் என்றால், கூடவே கொடுக்கிற வளைந்த எல்-கம்பியை ஒதுக்கிவிட்டு கைப்பிடி வைத்த நல்ல திருப்புளி வாங்குங்கள்.

அடுத்தது நீளம். 3x8, 3x10, 3x12 மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், 8 போட வேண்டிய இடத்தில் 12 போட்டால் உள்ளே போய் கியரை உரசும், இல்லை பிளாஸ்டிக்கை முட்டிப் பிளக்கும். நல்ல கையேடுகளில் ஸ்க்ரூவின் படம் நிஜ அளவிலேயே அச்சாகியிருக்கும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுவதைப் பிள்ளையின் வேலையாக ஆக்குங்கள், அதை அவர்கள் நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள். ஆனால் கையேட்டைக் கணினியில் பார்த்தோ வேறு அளவில் அச்செடுத்தோ வைத்திருந்தால் இந்த முறை செல்லாது, அளவுகோல்தான் வேண்டும். பைகளையும் ஏ, பி, சி என்று வரிசையாக ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிப் பார்க்கிற ஆசை பிள்ளைக்கு இருக்கும், அந்த ஒரு ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக்கில் நேராக இறங்குகிற ஸ்க்ரூ தன் மரையைத் தானே வெட்டிக்கொள்ளும். அதனால் கழற்றி மறுபடி போடும்போது நேராக அழுத்தித் திருகினால் புது மரை ஒன்று குறுக்கே வெட்டுப்பட்டு, பிடிமானம் போய்விடும். முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள், ஒரு இடத்தில் 'டக்' என்று சின்னதாகக் கீழே விழுவது விரலுக்குத் தெரியும், அதுதான் பழைய மரை, அங்கிருந்து வலப்பக்கம் திருக வேண்டும். தலை பிளாஸ்டிக்கைத் தொட்டதும் கால் சுற்று, அதோடு போதும். இந்த 'டக்'கைப் பிள்ளைக்கு ஒருமுறை உணர்த்திவிட்டால் அப்புறம் நீங்கள் பக்கத்தில் நிற்கவே வேண்டாம்.

மரையில் போடுகிற த்ரெட்லாக் பசை உலோகம் உலோகத்தில் இறங்குகிற இடத்துக்கு மட்டும்தான், அதுவும் நீல நிறம். பிளாஸ்டிக்கில் பட்டால் நாளடைவில் விரிசல் விடும். மோட்டாரைப் பிடிக்கிற ஸ்க்ரூ, மோட்டார் அச்சில் உட்கார்கிற பினியன் கியரின் சின்ன ஸ்க்ரூ, இந்த இரண்டுக்கும் மறக்கக் கூடாது. பினியன் ஸ்க்ரூ மோட்டார் அச்சின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும், உருண்டைப் பக்கத்தில் இறுக்கினால் முதல் ஓட்டத்திலேயே நழுவும்.

இ-கிளிப் என்கிற குட்டி வளையம் தெறித்துப் பறக்கும். ஒரு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் போட்டால் தெறித்தாலும் பைக்குள்ளேயே இருக்கும், கண்ணுக்கும் பாதுகாப்பு.

கியர், பேரிங், சர்வோ

கியர் பெட்டியை மூடுவதற்கு முன்னால் கையால் ஒரு சக்கர அச்சைச் சுற்றிப் பாருங்கள், முன்னும் பின்னும் ஒரே திசையில் போகிறதா என்று. நான் அன்றைக்கு இரவு செய்யாமல் விட்டது இதைத்தான். அப்படியே, கிட்டில் பேரிங்குக்குப் பதிலாக பிளாஸ்டிக் புஷ் (வெறும் வளையம்) கொடுத்திருந்தால் பேரிங் செட் தனியாக வாங்கிக் கட்டும்போதே போட்டுவிடுங்கள். பிறகு மாற்றலாம் என்று விட்டால் காரை முழுசாகப் பிரிக்க வேண்டிவரும்.

மோட்டாரை நகர்த்தி இடைவெளி வைக்கிற மாதிரி இருந்தால், பினியனுக்கும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டை விட்டு, இரண்டையும் நெருக்கி, மோட்டாரை இறுக்கிவிட்டு, கியரைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுக்க வேண்டும். ரொம்ப நெருக்கினால் ஊளையிடும், மோட்டார் சுடும். இடைவெளி அதிகமானால் பல் தேயும். புது பினியன் வாங்கினால் பல்லின் அளவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், 48 பிட்ச் ஸ்பரோடு 64 பிட்ச் பினியன் ஓடாது.

சர்வோவைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டுவதுதான் எனக்குத் தெரிந்து எல்லோரும் செய்கிற தவறு. முதலில் ரிசீவரோடு இணைத்து, டிரிம்மை (டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையைச் சற்றே நகர்த்துகிற அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து, மின்சாரம் கொடுத்து நடுவுக்கு வரவிட வேண்டும், அப்புறம்தான் அதன் கையைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் பாதிதான் திரும்பும். சர்வோ அச்சின் பற்களும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல, ஃபுடாபா வகையில் 25, சன்வா, கேஓ வகையில் 23, ஹைடெக்கில் 24. பொருந்தாத கையை அழுத்தி ஏற்றினால் இரண்டுமே பாழ்.

பேட்டரியில் மட்டும் சலுகை கிடையாது

பிள்ளையோடு தொடங்கும்போது 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே போதும் என்பேன், கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். லைப்போ வேண்டும் என்றால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சார்ஜரில் லைப்போ முறையைத் தேர்ந்தெடுத்து, பேலன்ஸ் வயரையும் (செல்களைச் சமமாக வைக்க உதவுகிற சின்ன வயர்) செருகி, ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் போகாமல், 1சி வேகத்தில் சார்ஜ் செய்ய வேண்டும், அதாவது 3000 எம்ஏஎச் பேட்டரிக்கு 3 ஆம்பியர். பக்கத்தில் ஆள் இல்லாமல் சார்ஜ் செய்யக் கூடாது. தப்பான முறையில் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கலாம். ஈஎஸ்சியிலும் (காருக்குள் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி) லைப்போ என்று அமைத்திருக்கிறதா என்று பாருங்கள், அமைக்காவிட்டால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியும் கார் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி செத்துப்போகும். சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் வாக்கில் வைத்து எடுத்து வையுங்கள். உப்பின பேட்டரியை, எவ்வளவு புதியதாக இருந்தாலும், திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

ஆன் செய்யும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு கார். அணைக்கும்போது முதலில் கார், பிறகு டிரான்ஸ்மிட்டர். மாற்றிச் செய்தால் கட்டுப்பாடு இல்லாமல் கார் தானாகப் பாயலாம். மேசை மேல் வைத்து ஆன் செய்யவே கூடாது, சக்கரம் தரையைத் தொடாதபடி ஏதாவது ஒன்றின் மேல் தூக்கி வையுங்கள்.

பாடிக்குப் பெயிண்ட்

பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிற நாள் இதுதான், அதனால் அவசரமும் இங்கேதான் அதிகம். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் பாடிக்கு (காரின் மேல்கூட்டுக்கு) உள்பக்கம்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். முதலில் அடிக்கிற நிறம்தான் வெளியே தெரியும், ஆகவே அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு, வெளிர் நிறத்துக்குப் பின்னால் வெள்ளை. இந்தத் தலைகீழ் வரிசையைப் பிள்ளைக்கு ஒரு கண்ணாடித் தம்ளரின் உள்பக்கம் வண்ணம் தீட்டிக் காட்டினால் சட்டென்று புரியும். பாலிகார்பனேட்டுக்கு என்று இருக்கிற பெயிண்ட்தான் வேண்டும், தமியாவில் பிஎஸ் (PS) என்று தொடங்கும் டப்பாக்கள். டிஎஸ் (TS) என்று தொடங்குபவை கடின பிளாஸ்டிக் மாடல்களுக்கானவை, அவற்றை அடித்தால் பாடி வளையும்போது செதில் செதிலாக உதிரும். உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஜன்னல்களை மறைத்து, காற்றோட்டமான இடத்தில் மெல்லிய பூச்சாகப் பல தடவை. வெளியே இருக்கிற பாதுகாப்புப் படலத்தை உரிக்கிற வேலை பிள்ளைக்கு, கடைசியில்.

நிறத் தேர்வில் தலையிடாதீர்கள். என் மகள் ஊதாவும் ஆரஞ்சும் கேட்டாள், தூரத்திலிருந்து பார்க்கும்போது எங்கள் கார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று அதனாலேயே உடனே தெரிந்தது.

முதல் ஓட்டம்

முழு வேகத்தைக் கையில் கொடுப்பது தவறு. டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டிலை (வேகத்தை)ப் பாதியாகக் குறைக்க வழி இருக்கும், அதைச் செய்துவிட்டு, ஆள் நடமாட்டமும் வண்டிகளும் இல்லாத அகலமான இடத்துக்குப் போங்கள். கார் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும், புதியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் முட்டிக்கொள்வார்கள். "நீ காருக்குள்ளே உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொள்" என்று சொல்லி, இரண்டு பொருளைத் தூரத் தூர வைத்து எட்டு வடிவத்தில் மெதுவாகச் சுற்றவிட்டால் சில பேட்டரிகளில் பழகிவிடும். ஒவ்வொரு பேட்டரிக்கும் நடுவே மோட்டார் ஆறட்டும்.

அப்புறம், மாற்றுப் பாகம் வாங்காமல் முதல் ஓட்டத்துக்குப் போகாதீர்கள். முன் சக்கரங்களைத் தாங்குகிற சஸ்பென்ஷன் கை ஒரு ஜோடியாவது வேண்டும், சுவரில் மோதினால் முதலில் போவது அதுதான். எங்களுக்கு இரண்டாவது நாளே போனது. வீட்டுக்கு வந்ததும் கையேட்டைத் தேடி எடுத்து, நான் ராத்திரி பூட்டின அதே முன்பக்கத்தை அவளே பிரித்து, உடைந்த கையை மாற்றினாள். நான் ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடுவதற்கு முன்னால், நான் சொல்லாமலே, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள்.